எல்வா அக்கா எந்தப் பக்கம்

விருந்தாளிகள் பட்டியலில் எல்வா அக்கா தன் பெயரைத் தானே எழுதினாள். அதுவும் முதல் பெயராக.

எங்கள் யாரன்வேல் ஊரில் மூன்று சபைகள். கல் கோயில், செங்கல் கோயில், தகரக் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவரவருக்குப் பெரிய பெயர்கள் உண்டு, யாருக்கு நினைவிருக்கிறது. மூன்றும் சேர்ந்து மே மாதக் கடைசியில், நல்லிணக்க வாரத்தில், பூர்வகுடிகளுக்கு ஒரு விருந்து வைப்பது என்று முடிவாயிற்று. பூர்வகுடிகள் என்றால் நாங்கள்தான். ஆற்று வளைவில் இருப்பவர்களும், வளைவிலிருந்து ஊருக்குள் குடிவந்தவர்களும்.

கல் கோயிலுக்குப் புதிதாக வந்த போதகரம்மா பிப்பா, மெல்பர்ன்காரர், கூட்டத்தில் யார் யாரை அழைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். உடனே ஏழெட்டுப் பேர் ஒரே குரலில், முதலில் எல்வா என்றிருக்கிறார்கள். எல்வா அக்கா அதே மேசையின் கடைசியில்தான் உட்கார்ந்திருந்தாள். கல் கோயிலின் மூப்பர் அவள். முப்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவள்தான். குனிந்த தலை நிமிராமல் எழுதினாள்: விருந்தாளிகள், ஒன்று, எல்வா டார்கன்.

அன்று மதியமே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். டீயைக் கையில் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"என்னடா மெர்வ் இது, என் வீட்டு விருந்துக்கு என்னையே கூப்புடுறாங்க."

"வர்றேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதையும் நாந்தான் எழுதினேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். நான் எப்போதுமே அப்படித்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

எல்வா என் பெரியம்மா மகள். எங்கள் முறையில் அம்மாவின் அக்காள் மகள் அக்காதான். வெள்ளைக்காரர்கள்தான் அதற்கு வேறு பெயர் வைத்துத் தள்ளி உட்கார வைக்கிறார்கள். பெரியம்மா இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கல் கோயிலின் அந்தக் காலத்துப் போதகர் மனைவி அவளைத் தன் சமையலறையில் வேலைக்கு வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு கவுன், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கடைசி வரிசை. கோயிலை ஒட்டி விருந்துகள் நடக்கும் சபைக் கூடத்துக்குள் எங்கள் ஆட்களில் முதலில் கால் வைத்தவள் அவள்தான். கால் வைத்தது சமையலறைக் கதவு வழியாக.

அந்தக் கதவு அவளுக்குப் பழகிவிட்டது. பிறகு லெஸ் டார்கனைக் கட்டினாள். ரயில் பாதை வேலைக்காரன், வளைவுப் பையன், நல்லவன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். இரண்டு மகள்கள் பிறந்தார்கள், சிட்னிக்குப் போனார்கள். லெஸ் போய்ச் சேர்ந்தான். இத்தனையிலும் சபைக் கூடத்துச் சமையலறைச் சாவி ஒரு நீலக் கம்பளி நூலில் அவள் கழுத்திலேயே தொங்கியது. கல்யாணம், ஞானஸ்நானம், கருமாதிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவள்தான். இந்த ஊரில் செத்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் கையால்தான் சாண்ட்விச் வெட்டப்பட்டது. அந்தக் கூடத்து அடுப்பின் கதவு சரியாக மூடாது. முழங்காலால் ஒரு இடி இடித்து ஒரு நாற்காலியை முட்டுக் கொடுக்க வேண்டும். எந்த நாற்காலி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டுக்கறி ரோஸ்ட்டுக்கு அவள் ஊற்றும் க்ரேவிக்காகவே பக்கத்து ஊரிலிருந்து சாவுக்கு வருகிறவர்கள் உண்டு என்று சொல்வார்கள். சொல்வது நான்தான், ஆனால் யாரும் மறுத்ததில்லை.

ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் அந்தக் கூடத்துக்கு முன்வாசல் வழியாகப் போனதே இல்லை. யாரும் தடுத்ததில்லை. அவளுக்குத் தோன்றியதில்லை.

விருந்துக்கு முந்தைய இரண்டு வாரம் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சமையலறைச் சாவியை க்ளெனிஸிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். க்ளெனிஸ் போக்காக் என்பவள் அவளோடு இருபத்தாறு வருடமாகச் சேர்ந்து பாத்திரம் கழுவியவள். வெள்ளைக்காரி, நெட்டை, நல்ல மனசு, எதையும் இரண்டு தடவை சொல்லுவாள். எல்வா அக்கா அவளுக்கு ஃபோன் போட்டு, க்ரேவிக்கு மாவை எப்போது வறுப்பது, பூசணியை எந்தத் தட்டில் அடுக்குவது என்று சொல்ல ஆரம்பித்தால், க்ளெனிஸ் மறித்துவிடுவாளாம். நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது ஆன்ட்டி எல்வா, இந்த ஒரு நாள் நாங்கள் உங்களுக்குப் பரிமாறுகிறோம், உங்களுக்குப் பரிமாறுகிறோம்.

அக்காவுக்கு எரிச்சல் அந்த ஆன்ட்டியில்தான். எங்கள் பிள்ளைகள் அவளை ஆன்ட்டி என்பார்கள், அது மரியாதை, அது எங்கள் வழக்கம். போதகரம்மா அதைக் கேட்டு, சபையில் எல்லோரும் இனி அப்படியே அழைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"இருபத்தாறு வருஷம் எல்வா, எல்வான்னு என் தோள்ல இடிச்சவ. இப்ப ஆன்ட்டிங்கறா. எனக்கு என்னமோ செத்துப்போன மாதிரி இருக்குடா."

சாப்பாட்டுப் பட்டியல் வேறு. ரோஸ்ட் வேண்டாம், பூர்வகுடிகளின் உணவுதான் பொருத்தம் என்று குழு முடிவு செய்து, எங்கோ நகரத்திலிருந்து கங்காருக் கறியும் காட்டு எலுமிச்சை இலையும் வரவழைத்தார்கள். வளைவில் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்கள். கங்காரு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் கூடத்துக்குப் போவது என்றால் எங்களுக்கு வேண்டியது அந்தக் கூடத்து ரோஸ்ட். கடைசியில் க்ளெனிஸ் யாருக்கும் தெரியாமல் நாலு ஆட்டுத் தொடையையும் அடுப்பில் வைத்தாள் என்று பிறகு தெரிந்தது. அவளை நான் கிண்டல் செய்வேன், ஆனால் மூளை இல்லாதவள் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கும் அழைப்பு வந்தது. வர மாட்டேன் என்றேன். எங்கள் ஆட்களின் மருத்துவ நிலையத்து வேன் ஓட்டுகிறவன் நான். வளைவிலிருந்து கிழடுகளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்குவேன், வேனில் உட்கார்ந்து ரேடியோவில் ஃபுட்பால் கேட்பேன், முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான் என் பங்கு என்றேன். எல்வா அக்கா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை வேறு விதமாகக் கேட்டாள்.

"உள்ள வாடா. எனக்கு எங்க உக்காரணும்னு தெரியல. நீ எந்தப் பக்கம் உக்காருறியோ அதுதான் என் பக்கம்னு உக்காந்துக்குவேன்."

எனக்கு அந்தக் கூடம் ஆகாது. அதற்குக் காரணம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐம்பத்தாறு வருடமாக நாங்கள் அதைப் பேசியதில்லை.

1968, மார்ச் மாதம். எனக்கு ஏழு வயது. அம்மா போதகர் வீட்டுத் துணிகளை இஸ்திரி போடுவாள். ஒரு நாள் போதகர் மனைவி, அறுப்பின் பண்டிகை விருந்துக்கு நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாயேன் என்று வாய் உபசாரமாகச் சொல்லியிருக்கிறார். அம்மா நம்பிவிட்டாள். என் சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டாள். தங்கையின் தலையில் ரிப்பன். தன்னிடம் இருந்த ஒரே தொப்பியை அவள் வைத்துக்கொண்டாள். மூன்று மைல் நடந்தோம். முன்வாசலில் நின்ற ஆள் கட்டை விரலால் பக்கவாட்டைக் காட்டினான். பக்கவாட்டில் சமையலறைக் கதவு. வலைக்கதவுக்கு உள்ளே ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்வா அக்கா, பதினைந்து வயது. அம்மாவைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தாள்.

"சித்தி, இங்கயே கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

பிறகு வலைக்கதவின் கொக்கியை உள்ளிருந்து மாட்டினாள். அந்தச் சத்தம் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கொக்கியை எடுத்து, கதவை ஒரு சாண் திறந்து, மூன்று தட்டுகளை வெளியே நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். உள்ளே ஏதோ இனிப்பு வேகும் வாசனை. மூன்று மைலும் நான் அதற்காக அழுதுகொண்டே வந்தேன். அம்மா அடிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அம்மாவும் அக்காவும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மீன் கிடைத்ததா, தண்ணீர் ஏறியிருக்கிறதா என்றெல்லாம் பேசினார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு அம்மா கோயிலுக்குப் போனாள், கூடத்தில் டீ குடிக்கப் போகவில்லை. அம்மா போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. நான் அக்காவைக் குறை சொன்னதே இல்லை. பதினைந்து வயதுப் பெண், மாட்டு என்று சொல்லியிருப்பார்கள், மாட்டியிருப்பாள். அவளை விட்டுவிட்டேன். கூடத்தை விடவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டோடு நன்றாகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு விருந்து. மே கடைசி எங்களுக்குக் குளிர்காலம், நல்ல குளிர். பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனேன், எல்வா அக்கா முன் இருக்கையில். கூடத்தின் முன்வாசலில் போதகரம்மாவும் மற்ற இரண்டு கோயில் போதகர்களும் வரிசையாக நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெர்சி மாமாவை, எங்கள் வழக்கப்படி யூகலிப்டஸ் இலை போட்டுப் புகை மூட்டி எல்லோரையும் வரவேற்கச் சொல்லியிருந்தார்கள். இலை ஈரம். புகை முழுக்கப் போதகர்கள் பக்கமே போனது. மூவரும் கண்ணீர் வழிய நின்று வரவேற்றதைப் பார்த்து, ஆரம்பமே உருக்கமாக இருக்கிறது என்றார் மாமா.

வேனிலிருந்து இறங்கிய அக்கா முன்வாசலைப் பார்த்தாள். பிறகு அவள் கால் அது பாட்டுக்குப் பக்கவாட்டில் போயிற்று. ஐம்பது வருடப் பழக்கம், கால் யாரையும் கேட்பதில்லை. நான் வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலைக்கதவை இழுத்தாள், வரவில்லை. உள்ளே க்ளெனிஸ், கையில் கரண்டியோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"ஆன்ட்டி எல்வா, இந்தப் பக்கம் இல்ல. நீங்க முன்வாசல் வழியாத்தான் வரணும், முன்வாசல் வழியா."

கொக்கி உள்ளே மாட்டியிருந்தது.

க்ளெனிஸ் அன்பாகத்தான் சொன்னாள். அக்கா அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற வாசற்படி, 1968இல் அம்மா நின்ற அதே படி. எனக்குப் பாவமாக இருந்ததா, சரியான பதில் கிடைத்தது என்று சந்தோஷமாக இருந்ததா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்றால் என்னை என்ன நினைப்பீர்கள். எப்படியோ, ரேடியோவை அணைத்துவிட்டு இறங்கினேன். அவள் முழங்கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்படித்தான் நான் அந்தக் கூடத்துக்குள் போனேன், எந்தப் பெரிய முடிவும் எடுத்து அல்ல.

உள்ளே நுழைந்ததும் அக்காவின் கையில் ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார்கள். விருந்தாளிகள் வாசிக்க வேண்டியது மஞ்சள், விருந்து வைப்பவர்கள் வாசிக்க வேண்டியது பச்சை. முதலில் வெள்ளையும் பழுப்புமாக அச்சடித்து, யாரோ பார்த்துப் பதறி, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார்களாம். எல்வா அக்காவின் கைப்பையில் ஏற்கெனவே ஒரு பச்சைத் தாள் இருந்தது. போன ஞாயிறு மூப்பர்களுக்கெல்லாம் கொடுத்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பெயர் அட்டை இல்லை. வர மாட்டேன் என்று சொன்னது நான்தானே. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துத் தன் எதிரில் போட்டாள்.

விழுந்து விழுந்து கவனித்தார்கள். கங்காரு வந்தது. பெர்சி மாமா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார்.

"இந்தக் கங்காருவ ரெண்டு தடவ கொன்னுருக்காங்கப்பா" என்றார் கடைசியில்.

ரோஸ்ட் வந்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது. க்ரேவியில் கட்டி கட்டியாக மாவு. அக்கா முள்கரண்டியால் ஒவ்வொரு கட்டியாக நசுக்கினாள். தட்டுகள் காலியானதும் அவள் கை தானாக அவற்றை அடுக்க ஆரம்பித்தது. போதகரம்மா ஓடி வந்து மெதுவாகப் பிடுங்கிக்கொண்டார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு மேசையில், பிறகு மறுபடி மடியில். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் போதகரம்மா மைக்கைப் பிடித்தார். நல்ல பெண்தான். மூன்று சபையாரும் தயவுசெய்து எழுந்து நிற்கவும் என்றார்.

எல்வா அக்கா எழுந்து நின்றாள்.

எங்கள் மேசையே அண்ணாந்து பார்த்தது. பெர்சி மாமாவின் மகள் லோர்ணா அவள் கவுனைப் பிடித்து இழுத்து, அது அவர்கள் நமக்குப் படிப்பது, உட்காருங்கள் என்று கிசுகிசுத்தாள். போதகரம்மா சிரித்துக்கொண்டே கையால் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார். அக்கா போதகரம்மாவைப் பார்த்தாள், லோர்ணாவைப் பார்த்தாள். முழி பிதுங்கியது என்பார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

"நான் மூப்பர்தானே" என்றாள். பச்சைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

சபையார் எண்பது பேரும் வாசித்தார்கள். உங்கள் நிலத்தில் எங்கள் கோயில்களைக் கட்டினோம். உங்கள் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். எங்கள் மேசைகளில் உங்களுக்கு இடம் வைக்கவில்லை. எங்கள் கதவுகளை அடைத்தோம். அக்காவும் வாசித்தாள், கோயிலில் வாசிக்கிற அதே சீரான குரலில். கதவுகள் என்ற இடத்தில் அவள் குரல் மட்டும் நின்றுவிட்டது. மற்றவர்கள், இதற்காக வருந்துகிறோம் என்று முடித்து உட்காரப் போனார்கள். அவள் உட்காரவில்லை. தாளை மடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"கொக்கிய நாந்தான்டா மாட்டினேன். நிக்கச் சொல்லுன்னுதான் சொன்னாங்க. மாட்டுன்னு யாரும் சொல்லல."

கூடத்தில் யாருக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"நீங்க உள்ள வந்துட்டா, இவளும் இவங்க ஆளுதானேன்னு என்னையும் வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயமாயிருந்துச்சு. சித்திகிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போதகரம்மா தன் தாளைப் பார்த்தார், அதில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சமையலறைச் சன்னலில் க்ளெனிஸ் ஒரு துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். இப்போது விருந்தாளிகள் பதில் வாசிப்பார்கள் என்று போதகரம்மா மெல்லச் சொன்னார். எங்கள் ஆட்கள் மஞ்சள் தாளை எடுத்து ஆளுக்கொரு வேகத்தில் வாசித்தார்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டோம், உங்களோடு சாப்பிட வந்திருக்கிறோம். எல்வா அக்காவும் தன் மஞ்சள் தாளை எடுத்து வாசித்தாள். கையில் கொடுத்த வேலையைச் செய்யாமல் விட அவளுக்குத் தெரியாது. தான் சொன்ன மன்னிப்பைத் தானே காதால் கேட்டுக்கொண்டதாக அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் எந்தத் தாளும் இல்லை.

கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்கிறவர்கள் எழுதிக் கொண்டுவந்து படிக்கிறார்கள், உள்ளுக்குள் ஒன்றும் அசைவதில்லை. என் அக்கா ஒரு வரி சொன்னாள், ஐம்பத்தாறு வருடமாக நான் கட்டி வைத்திருந்த ஏற்பாடு பொலபொலவென்று விழுந்தது. மாட்டச் சொன்னவர்கள் மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? பதினைந்து வயதுப் பெண் பயந்தாள், அவ்வளவுதானே என்று ஒரு மனம் சொன்னது. பயந்தவள் அவள், நடந்தவள் என் அம்மா என்று இன்னொரு மனம் சொன்னது. மன்னிப்பதற்கு நான் யார் என்றும் தெரியவில்லை. நின்றது அம்மா. அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். மீன் கிடைத்ததா என்று கேட்டிருப்பாள்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு என்ன இனிப்பு செஞ்சீங்க?"

"பாகு உருண்டை" என்றாள் யோசிக்காமல். மாவை உருட்டி மஞ்சள் பாகில் வேகவைப்பது அது. "உனக்குன்னு மூணு தனியா எடுத்து வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க போயிட்டீங்க. நானே தின்னுட்டேன்டா."

பெர்சி மாமா இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று லோர்ணாவைக் கேட்டால் இரண்டுக்கும் சாட்சி சொல்வாள். பிறகு பாவ்லோவா வந்தது, கேக்குக்கு மேல் க்ரீமும் பழமும். எல்லோரும் சாப்பிட்டார்கள். எட்டு மணிக்குள் எல்லோரையும் வளைவில் இறக்கிவிட்டேன். அக்காவை அவள் வீட்டு வாசலில் இறக்கியபோது, போய் வருகிறேன் என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவள் வரவில்லை, நானும் போகவில்லை. க்ளெனிஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாளாம். நீயே வைத்திரு, எனக்கு வேண்டும்போது கதவைத் தட்டுகிறேன் என்றாளாம். க்ளெனிஸ் என் வேனை மறித்து, எல்வாவுக்கு என் மேல் கோபமா என்று கேட்டாள். எல்வா என்றுதான் சொன்னாள், ஆன்ட்டி இல்லை. எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோயில் முடிந்த நேரம், என் வீட்டுப் பின்கதவில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் எல்வா அக்கா, கோயில் கவுனோடு, கையில் துணி மூடிய ஒரு கிண்ணம். பாகின் வாசனை. என் வீட்டு வலைக்கதவையும் ஈக்குப் பயந்து எப்போதும் கொக்கி மாட்டித்தான் வைத்திருப்பேன். அவள் வெளியே, நான் உள்ளே.

கை கொக்கி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. அம்மா எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவு நேரம் இவளும் நிற்கட்டும் என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது, கையை எடுக்கவும் மனமில்லை. அவள் அவசரப்படவில்லை. வலைக்கு அப்பால் அவள் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது.

"தொறக்குறியா, இல்ல இங்கயே குடுத்துட்டுப் போகவா? எதுன்னாலும் சரிதான்டா. சூடு ஆறுது."

திறந்தேன். கிண்ணத்தில் மூன்று உருண்டைகள் இருந்தன. அவள் எங்கே உட்காருவது என்று என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அம்மாவின் நாற்காலி. அம்மா போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல், கரண்டி எடுக்கப் போனேன்.